நா சூசூ

ஜூலை 15, செவ்வாய்.

இன்றைய தவறு: லோஷினியை நர்சரியில் விட்டபோது, வீட்டில் அவள் பேசும் சொற்களுக்கு அர்த்தம் எழுதிக் கொடுக்க மறந்துவிட்டேன். சிறிய தவறுதான்.

குணாளன் ‘சிறிய’ என்ற சொல்லை அடித்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் எழுதினான். செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை. மாலை வகுப்பில் தர மேலாண்மை படித்துக்கொண்டிருந்தான். தினமும் ஒரு தவறு, அதன் காரணம், நாளைய வேலை என்று நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது வகுப்பின் விதி. மற்ற மாணவர்கள் வாரக் கடைசியில் மொத்தமாக எழுதினார்கள். குணாளனால் அது முடியவில்லை.

திங்கட்கிழமை அவன் மனைவி பிரேமலா சிங்கப்பூரில் வேலைக்குச் சேர வேண்டும். இரண்டு வருடம் தேடிக் கிடைத்த வேலை. அழைத்துப்போகும் வேன் விடிகாலை நாலேகாலுக்கே வந்துவிடும். அதற்குள் இரண்டு வயது லோஷினி ஒரு நர்சரியில் பழகிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேன் பிரேமலா இல்லாமல் போகும்.

குணாளன் முப்பத்தொரு கேள்விகளைத் தயாரித்து, குலாயில் ஆறு நர்சரிகளை ஏறி இறங்கி, கக் ரோஸ் என்ற மலாய் அம்மா நடத்தும் நர்சரியைத் தேர்ந்தெடுத்தான். லோஷினியும் முதல் நாளே அழாமல் உள்ளே போய்விட்டாள். ஆனால் மாலையில் யாருடைய கால்சட்டையையோ போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவளுடைய நாலு சிலுவார்களும் நனைந்து ஒரு பையில் இருந்தன. கக் ரோஸுக்கு அதில் வருத்தமே இல்லை. பாப்பா அடிக்கடி சூசூ கேட்டாள், கேட்டபோதெல்லாம் கொஞ்சம் கொடுத்தோம், சமர்த்தாகக் குடித்தாள் என்றார்.

குணாளனுக்கு அப்போதுதான் விளங்கியது. மலாயில் சூசூ என்றால் பால். அவன் வீட்டிலோ சூசூ என்றால் சிறுநீர். பிள்ளை ஒன்றைச் சொல்ல, அவர்கள் இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கக் கொடுக்க அவளுக்கு முட்டியிருக்கிறது.

“அவ வெறும் சூசூன்னு சொல்லல பிரேமா. ‘நா சூசூ’ன்னு சொல்றா. ரெண்டு வயசுல எழுவாயோட பேசுறா” என்றான்.

“எழுவாய் இருந்து என்னங்க, நாலு சிலுவார் போச்சு.”

புதன்கிழமை காலை அவன் ஓர் அட்டையோடு போனான். சூசூ என்று சொன்னால் பால் கொடுக்க வேண்டாம், உடனே கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் என்று மலாயில் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். எல்லோர் கண்ணிலும் படும்படி பால் வைக்கும் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினான். லோஷினியின் பெயரை மட்டும் அதில் போடவில்லை.

அன்று பார்த்து கக் ரோஸ் காலையில் வெளியே போயிருந்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் அட்டையில் உள்ளதை அப்படியே செய்தாள். பத்தரைக்குக் கக் ரோஸ் திரும்பி வந்தபோது, பதின்மூன்று மலாய்க் குழந்தைகள் கழிப்பறை வாசலில் வரிசையாக உட்கார்ந்து, பால் கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தையின் அப்பா அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

கக் ரோஸ் கோபப்படவில்லை. மாலையில் லோஷினியின் பையைக் குணாளனிடம் கொடுத்து, நாளை முதல் வேண்டாம் என்றார். அட்டை மேலாக வைக்கப்பட்டிருந்தது. பிள்ளை தங்கமான பிள்ளை, அப்பாதான் கொஞ்சம் சிரமம் என்று மலாயில் தன்மையாகச் சொன்னார்.

அன்றிரவு நாட்குறிப்பில் காரணம் என்ற இடத்தில் ‘மொழி’ என்று எழுதினான். மொழிதான் காரணம் என்றால் தமிழ் வீடுதான் தீர்வு. வியாழக்கிழமை லோஷினியை அங்கம்மாவிடம் கொண்டுபோனான். அவர் தம் வீட்டிலேயே ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்.

சூசூ என்றால் என்னவென்று குணாளன் விளக்க ஆரம்பித்தான்.

“நாலு பெத்தவ நான். எனக்குப் பாடம் நடத்துறியா தம்பி?” என்றார் அங்கம்மா.

மதியம் இரண்டு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. பிள்ளை பதினோரு தடவை சூசூ என்றாளாம். பதினோரு தடவையும் தூக்கிக்கொண்டு ஓடியதில் ஒரு சொட்டு வரவில்லை. பன்னிரண்டாம் தடவை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வீடே அதிரக் கத்தினாளாம்.

“பிள்ளைக்கு எங்கயோ அடைச்சிருக்கு தம்பி. டாக்டர் லெட்டர் இல்லாம நான் வச்சுக்க மாட்டேன்.”

கிளினிக்கில் பிரேமலா கைப்பேசியில் சிங்கப்பூர்க் கம்பெனியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் தனலெட்சுமி சிறுநீர் பிடிக்க ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்தார்.

குப்பியைப் பார்த்ததும் லோஷினி இரண்டு கையையும் நீட்டி, “நா சூசூ” என்றாள்.

நர்ஸ் குப்பியைக் கீழே வைத்தார். இப்படிச் சொன்னால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

குணாளன் நாட்குறிப்பைத் திறந்தான். சொன்னவுடன் கழிப்பறையில் உட்கார வைப்பது. பத்து நிமிடம் கழித்து எழுப்புவது. எழுந்ததும் பரிசாக ஒரு போத்தல் பால். எட்டு மாதமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

“சில நாள் ஒண்ணும் வராது சிஸ்டர். ஆனா உக்காந்திருப்பா. பொறுமையான பிள்ளை.”

“இத்தனை நாளா யாரு பாத்துக்கிட்டாங்க?”

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா என்றாள் பிரேமலா. போன வாரம்தான் மகளோடு இருக்க மெர்சிங் போய்விட்டாராம்.

நர்ஸ், பிரேமலாவின் பையிலிருந்த பால் போத்தலை எடுத்து நீட்டினார். லோஷினி அதைப் பறித்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்தாள்.

“அது ‘நா’ இல்ல சார், ‘நாக்’. மலாய்ல வேணும்னு அர்த்தம். பால் வேணும்னு கேக்குது” என்றார் நர்ஸ்.

குணாளன் நாட்குறிப்பின் எட்டு மாதப் பக்கங்களைப் பார்த்தான்.

“அப்ப நாங்க கொடுத்த டாய்லெட் பயிற்சி?”

“பயிற்சி நல்லாத்தான் கொடுத்திருக்கீங்க சார். பால் வேணும்னா முதல்ல கக்கூஸ்ல பத்து நிமிஷம் உக்காரணும்னு பாப்பா நல்லாப் புரிஞ்சு வச்சிருக்கு.”

ஜூலை 17, வியாழன். நாளைய வேலை: காலை ஏழரைக்குக் கக் ரோஸிடம் போய் மன்னிப்புக் கேட்டு, இடம் கேட்பது. பேசப் போவது பிரேமலா.