செம்பு உடும்பு சாக மறுத்த கதை

இனிமேல் என்னைப் பார்த்து ஒரு பயல் சிரிக்கக் கூடாது. 1966-ஆம் வருஷம், மெக்சிகோ நகரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையில், கையில் காப்பிக் கோப்பையோடு நான் எடுத்த சபதம் அது.

அப்போது நான்தான் செம்பு உடும்பு. மல்யுத்த மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த முகமூடி வீரன். ஏழு படங்களில் காட்டேரி, மம்மி, பைத்தியக்கார விஞ்ஞானி என்று ஒருவர் விடாமல் பந்தாடியவன். கிரெசென்சியோ என்ற என் சொந்தப் பெயர் பெண்டாட்டிக்கும் பாதிரியாருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் தொழிலில் முகமூடிதான் மானம். முகத்தைக் காட்டியவன் பிழைப்பு அன்றோடு முடிந்தது. அதனால் ஸ்டுடியோவுக்கு இரண்டு தெரு முன்னாலேயே மாட்டிக்கொள்வேன். சாப்பாடும் அதன் வாய் ஓட்டை வழியாகத்தான். பேச்சு கிடையாது. படத்தில் குரலை வேறொரு புண்ணியவான் கொடுத்துவிடுவார். தளத்தில் நான் தலையாட்டுவதோடு சரி.

சபதத்துக்குக் காரணம் ஏழாவது படம். அதில் என் காதலியைக் காட்டேரி கடித்துவிடும். அவளை மடியில் போட்டுக்கொண்டு உயிரைக் கொடுத்து அழுதேன். ஆனால் நனைந்த முகமூடி மூக்கில் ஒட்டிக்கொண்டு, மூச்சு விடும்போதெல்லாம் உப்பி உப்பி அடங்கியது. படம் ஓடிய கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

எட்டாவது படத்தை முழுக்க இருட்டாக எடுக்க வைத்தேன். ஒரு சிரிப்பு கிடையாது. கடைசியில் எரிகிற கோட்டைக்குள் காட்டேரியோடு நானும் போகிறேன். திரும்பி வருவதில்லை. தயாரிப்பாளர் டான் வெனான்சியோவும் ஒத்துக்கொண்டார். அட்டைக் கோட்டை ஒன்றுதான் இருக்கிறது, ஒரு தடவைதான் எரிக்க முடியும், சொதப்பக் கூடாது என்றார்.

என் முகமூடியும் முதுகில் பறக்கும் போர்வையும் தைப்பவள் என் மனைவி எர்லிந்தா. ஊசியை நிறுத்தாமலே கேட்டாள்.

“அப்ப செத்துப்போகப் போறீங்க?”

“வீரமா சாகறேன்.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சிக்கு வர்ற பிள்ளைங்களை யாரு தேத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?”

“அதுங்க அம்மாமாருங்க.”

“அந்த அம்மாமாருங்களை யாரு தேத்தறது?”

“இங்க பாரு, இது கலை. சாவையும் சிரிப்பையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது.”

“போன நவம்பர்ல, கல்லறைத் திருநாளுக்கு, உங்க பேரை எழுதின சர்க்கரை மண்டையோட்டை நறுக்குனு கடிச்சீங்களே, அது எந்தத் தட்டு?”

“அது மிட்டாய். உனக்கு ஊசி நூல் தெரியும், அதோட நிறுத்திக்க.”

“சரிங்க” என்றாள். அவள் சண்டை போட்டால் எனக்குப் பயமில்லை. சரிங்க என்றால்தான் பயம்.

கோட்டை எரிகிற நாள் வந்தது. விடிந்து பார்த்தால் முகமூடியைக் காணோம், போர்வையைக் காணோம், பூட்ஸைக் காணோம். எர்லிந்தாவையும் காணோம். ஸ்டுடியோவுக்கு ஓடினேன். வாசலில் காவலாளி நிகானோர். ஏழு வருஷமாக எனக்கு சல்யூட் வைப்பவன், இன்று குறுக்கே கையை நீட்டினான்.

“யாருப்பா நீ?”

“செம்பு உடும்பைப் பார்க்கணும்.”

“ஐயா அப்பவே உள்ள போயாச்சு.”

“அவர்தானா? நல்லாப் பார்த்தியா?”

“எனக்குத் தெரியாதா அவரை? இன்னைக்குத்தான் முதல் தடவையா என் பொண்ணுக்குன்னு ஒரு ரொட்டிப் பொட்டலம் குடுத்தாரு. தங்கமான மனுஷன்.”

நான்தான் அந்தத் தங்கம் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் மானம் போச்சு. சொல்லாவிட்டால் படம் போச்சு. எதிர்த்த நடைபாதையில் உட்கார்ந்து சோள மாவுக் கொழுக்கட்டை மாதிரி ஒரு தமாலெ வாங்கித் தின்றேன். சுவருக்கு மேலே புகை கிளம்பியது. என் சாவு உள்ளே நடந்துகொண்டிருந்தது, எனக்கு அனுமதி இல்லை.

சாயங்காலம் எர்லிந்தா மூட்டையோடு வீட்டுக்கு வந்தாள். கருகிய போர்வையை ஊறப்போட்டாள். ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது குறையாகவே தெரியவில்லை.

படம் வந்த ஞாயிறு, வெறும் முகத்தோடு, கூட்டத்தோடு கூட்டமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்பு உடும்பு தீக்குள் போனான். கொட்டகையில் மூச்சு இல்லை. பின் வரிசையில் ஒரு குழந்தை விசும்பியது. அப்புறம் புகைக்குள்ளிருந்து வெளியே வந்தான், பின்பக்கம் போர்வை எரிய, இரண்டு கையாலும் தன் பிருஷ்டத்தைத் தானே மாறி மாறி அடித்துக்கொண்டு. கொட்டகை அதிர்ந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. உயரத்தில் நானும் அவளும் ஒன்று, அகலத்தில் அவள் ஒரு பிடி கூட, ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு அவன் படியில் உட்கார்ந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, சத்தமில்லாமல் தோள் குலுங்கினான். சிரித்த கூட்டம் அப்படியே அடங்கியது.

அந்த உட்காருதல் எனக்குத் தெரியும். எங்கள் முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் போனபோது, கொல்லைப் படியில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தேன்.

“அன்னைக்கு நீங்க தண்ணி கொண்டு வரேன்னு வாளி தடுக்கிக் கோழிக்கூண்டு மேல விழுந்தீங்க. நான் சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்கு அழுகையே வந்துச்சு” என்றாள். “உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்.”

அதற்கு மேல் நான் எப்படிக் கோபப்படுவது? இப்போது எனக்கு எண்பத்தெட்டு வயது. அந்தக் கொட்டகையும் இல்லை, ஸ்டுடியோவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

படம் வந்த மறுநாள் டான் வெனான்சியோ சொல்லி அனுப்பினார்: அந்தக் கடைசிக் காட்சி மாதிரியே இனி எல்லாப் படத்திலும் வேண்டுமாம். அடுத்த ஆறு படங்களிலும் அழுகிற காட்சிக்கு அவள் போனாள், உதை வாங்குகிற காட்சிக்கு நான் போனேன்.