அண்ணாச்சியின் பத்து விரல் நோட்டு

காற்றைக் கண்டு பயந்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவரோடு இரண்டு மாதம் வேலை பார்த்த பெருமை எனக்கு உண்டு. பேய்க்குப் பயப்படுகிறவர்கள், பெண்டாட்டிக்குப் பயப்படுகிறவர்கள், தலையில் பல்லி விழுந்தால் பயப்படுகிறவர்கள் எல்லோரையும் எங்கள் வலியசாலைத் தெருவிலேயே பார்த்தாயிற்று. காற்றுக்குப் பயந்தவர் பத்துவிரல் அண்ணாச்சி மட்டும்தான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் புற்றீசல் போலக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். நான் ஒரு இன்டீரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு மாடி முழுக்கப் பலகைத் தடுப்பு அடித்துக் கொடுக்க வேண்டும். சுத்தியலை நம்பினால் ஆகாது என்று முதலாளி ஆணித் துப்பாக்கி வாடகைக்கு எடுத்தார். கம்ப்ரஸர் காற்றை அமுக்கி வைத்துக்கொள்ளும். அந்தக் காற்று ஹோஸ் வழியாகத் துப்பாக்கிக்கு வரும். விசையை அழுத்தினால் ‘டப்’, ஆணி உள்ளே. கரமனை வாடகைக் கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மிஷின் வேண்டுமென்றால் அண்ணாச்சியும் கூட வருவார். உற்சவத்துக்கு யானை எடுத்தால் பாகனும் வருவான் இல்லையா, அந்தக் கணக்கு.

வந்த ஆளுக்கு என்னைவிட நாலு வயது குறைவு. அம்பாசமுத்திரத்துக்காரர் என்பதால் ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. வந்த முதல் நாள் காலையில் எங்கள் எட்டு மர ஆசாரிகளையும் வரிசையில் நிறுத்தினார். நானும் நின்றேன், ஏதோ பூஜை போடப்போகிறார் என்று.

“ரெண்டு கையையும் காட்டுங்க.”

காட்டினோம். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று விரல்களை எண்ணி, ஒரு நோட்டில் பெயருக்கு நேராகப் பத்து, பத்து என்று எழுதினார். மூத்த ஆசாரி செல்வராஜுக்கு மட்டும் ஒன்பதரை. பழைய சைட்டில் இழைப்பு மிஷின் அரை விரலைத் தின்றிருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி வரிசை, மறுபடி எண்ணிக்கை. காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் ஒத்துப்போனால்தான் நோட்டை மூடுவார். நோட்டை மூடாமல் ஒரு ஈ, காக்கை வீட்டுக்குப் போக முடியாது.

“ஓய், நாங்க என்ன விரலை வித்துக்கிட்டா வாறோம்?” என்பார் மார்த்தாண்டம் செல்வராஜ்.

“காலையில ஒம்பதரை வந்தது. சாயங்காலமும் ஒம்பதரை போவணும். அவ்வளவுதான்வே.”

ஒருநாள் அந்த சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்க வந்தார். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். மேனேஜர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

“இது எந்தினா?” எதற்கு இதெல்லாம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணாச்சியே பதில் சொன்னார். “உள்ள வரும்போ பத்து, போகும்போ பத்து சாரே. இடையில குறையக்கூடாது.” நோட்டில் ‘கோட்டு சார் – 10’ என்று எழுதி, ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியையும் அவர் மூக்கில் மாட்டிவிட்டார். எனக்குப் பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

இது வெறும் முன்னுரை. துப்பாக்கியைக் கீழே வைத்தால் ஹோஸைக் கழற்ற வேண்டும். ஆணி நிரப்பக் கழற்ற வேண்டும். ஆணி சிக்கினால் கழற்ற வேண்டும். செல்வராஜ் மூக்கைச் சொறிந்தால் கழற்ற வேண்டும். துப்பாக்கி பிடித்திருக்கிறவனோடு யாரும் பேசக்கூடாது. காலையில் துப்பாக்கிக்கு இரண்டு சொட்டு எண்ணெய், குழந்தைக்கு மூக்கில் மருந்து விடுகிற பதத்தில். சாயங்காலம் கம்ப்ரஸர் தொட்டியின் அடித்திருகைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரை ஒரு கிளாஸில் பிடிப்பார்.

“பாத்தியளா மேடம்? இந்த ஊர்க் காத்துல பாதி தண்ணி. வடிக்காம விட்டா தொட்டி உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு ஒருநாள் வெடிச்சிரும். எங்க ஊர்ல இதுல கால்வாசி வராது.”

“அப்போ மிஷினை அங்கயே கொண்டு போயிரும் ஓய்,” என்பார் செல்வராஜ்.

சாப்பாட்டுக்கு அரை மணி, சாயாவுக்கு இருபது நிமிஷம் அண்ணாச்சி வெளியே போவார். அப்போது ஹோஸையும் துப்பாக்கியையும் இணைக்கிற பித்தளைக் கப்ளரை ஸ்பேனர் போட்டுக் கழற்றி, டிபன் பாக்ஸுக்குள் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் பழம்பொரி தின்று முடிக்கும்வரை எங்கள் வேலை நிற்கும். எனக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? எங்கள் கம்பெனியில் ஒரு பெண்ணை நம்பிக் கொடுத்த முதல் சைட் அது. கொடுக்கும்போதே ஆபீஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி தினமும் போன் செய்வார். “லலிதா, திங்களாழ்ச்ச திறப்பு விழா, கேட்டோ? ஒரு நாள் தள்ளினா அடுத்த சைட் வேற ஆளுக்கு.” அந்தத் திங்களுக்கு ஐந்தே நாள் இருந்தது. இன்னும் இரண்டு ஹால் பாக்கி. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

சாலைக் கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரி ஒரு கப்ளர் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அண்ணாச்சி சாப்பிடப் போனதும் எடுத்து மாட்டினேன். அதோடு விட்டேனா? துப்பாக்கியின் மூக்கில் ஒரு முனை உண்டு. அதைப் பலகையில் வைத்து அழுத்தினால்தான் ஆணி பாயும். வெறும் விசையைத் தொட்டால் பாயாது. ஒவ்வொரு ஆணிக்கும் அழுத்த நேரமாகிறதே என்று அந்த முனையைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டேன். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை வேறொரு சைட்டில் பார்த்து வைத்திருந்தேன்.

“செல்வராஜ், இந்தாங்க, அடிங்க.”

அண்ணாச்சியை நாள் தவறாமல் திட்டுகிற அந்த மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நான் மாட்டேன் மேடம். சாயங்காலம் அந்த ஆளுக்கு முன்னால கையை நீட்டணும்லா.”

“பயந்தாங்கொள்ளி!” என்று சொல்லிவிட்டு நானே அடித்தேன். அரை மணியில் ஒரு சுவர் முழுக்க முடிந்தது. கப்ளரைக் கழற்றி, கம்பியை அவிழ்த்து, ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி விரலைத்தான் எண்ணுவார், சுவரை எண்ண மாட்டார். உள்ளுக்குள் ராஜ்யம் பிடித்த சந்தோஷம்.

அதற்கடுத்த நாள், வெள்ளிக்கிழமை, நாலரை மணிக்கு மேல் எல்லோரும் சாயா குடிக்கப் போன நேரம். மறுபடி கப்ளரை மாட்டி, முனையைக் கம்பியால் கட்டினேன். தேநீர் அறை மூலையில் தரையை ஒட்டி ஓடும் பலகைப் பட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போனது. முட்டியைக் கொஞ்சம் நகர்த்தினேன். விசையிலிருந்து எடுக்காத விரல் அழுந்திவிட்டது. டப்.

இடது ஆள்காட்டி விரலின் ஓரச் சதையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது ஆணி. முதலில் வலிக்கவே இல்லை. ‘ஐயோ, முதலாளி!’ என்பதுதான் மனசில் வந்த முதல் நினைப்பு. ஒற்றைக் கையால் எப்படியோ ஸ்பேனர் போட்டுக் கப்ளரைக் கழற்றிவிட்டேன். கம்பியை அவிழ்க்க முடியவில்லை. விரலைக் கைக்குட்டையில் சுற்றி ஷாலுக்குள் ஒளித்துக்கொண்டேன். ஐந்து மணிக்கு எல்லோரும் போனபின் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது என்பது திட்டம்.

ஐந்து மணி ஆயிற்று. துப்பாக்கியைத் துடைக்க எடுத்த அண்ணாச்சி கம்பியைப் பார்த்துவிட்டார். நோட்டை எடுத்தார். அன்றைக்கு ஒவ்வொருவர் விரலையும் இரண்டு தடவை எண்ணினார். கடைசியாக என் முன்னால் வந்தார். வலது கையை மட்டும் நீட்டினேன்.

“அஞ்சு. மத்தது?”

“அதுவும் அஞ்சுதான், எழுதிக்கோங்க.”

“பாக்காம எழுத மாட்டேன் மேடம்.”

“அண்ணாச்சி, நான் சூப்பர்வைசர். நோட்டை மூடுங்க!”

“எண்ணி முடியலயே மேடம்.”

“ஓய், நாகர்கோவில் வண்டி போயிரும்,” என்றார் பின்னாலிருந்து ஒருவர். அண்ணாச்சி அசையவில்லை. எட்டு ஆசாரிகளும் என் ஷாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “எண்ணித் தொலையும்!” என்று கையை வெளியே எடுத்து அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். கைக்குட்டை நழுவி விழுந்தது.

அண்ணாச்சி ஆணியைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார். “ஒண்ணு...” என்று ஆரம்பித்தார். அப்படியே மரத்தூளில் மல்லாந்து விழுந்தார்.

ஒரே ஆட்டோவில் இரண்டு பேரையும் ஏற்றினார் செல்வராஜ். பாதி வழியில் அண்ணாச்சிக்கு நினைவு வந்தது. நான் மறுகையால் ஆணியைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன். “புடுங்காதீங்க மேடம், டாக்டர் எடுக்கட்டும்!” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டே கத்தினார். அவர் அண்ணனுக்கு விரல் போய்விட்டது, அதனால்தான் இப்படி என்று சைட்டில் ஒரு கதை உண்டு. அது நிஜமா என்று அப்போதுதான் அவரிடம் கேட்டேன்.

“அண்ணனும் இல்ல தம்பியும் இல்ல மேடம். ரத்தத்தைக் கண்டா எனக்கு மயக்கம் வந்திரும். சின்னதிலருந்தே. அதுக்குப் பயந்துதான் இத்தனை கட்டுப்பாடும்.”

வலியோடு வலியாக நான் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “இதில் ஆர்க்கா ஆணி?” என்று கேட்டார். நல்லவேளை, எலும்பில் படவில்லை. ஆணியை எடுத்து, ஊசி போட்டு, தையல் போட்டுக் கட்டுக் கட்டினார்.

சனிக்கிழமை காலையில் முதலாளி சைட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, இது எப்படி ஆச்சு?”

“மேடத்துக்குப் பத்தும் இருக்கு சார்.”

“அதல்லடோ, எப்படி ஆச்சுன்னு கேட்டேன்.”

“டாக்டர் சொல்லிட்டாரு சார். பத்து.”

மூன்றாம் தடவையும் அதே பதில். அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் வராது, என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லை என்று புரிந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. “நான்தான் சார் சேஃப்டியைக் கட்டினேன். இவர் மேல் தப்பில்லை,” என்றேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “திங்களாழ்ச்ச திறந்தா, நான் ஒண்ணும் கேட்டிட்டில்ல,” என்று எதுவும் காதில் விழாதவர் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

திருட்டுக் கப்ளரை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வாங்கி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடந்தது. அன்றைக்கு அவர் சாயாவுக்குப் போகவில்லை. பழம்பொரியைத் தியாகம் செய்துவிட்டுத் துப்பாக்கி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் விதி விதிதான். மூக்கைச் சொறிந்தால் ஹோஸ் கழன்றது. திங்கள் காலையில் எல்லாம் முடிந்திருந்தது, தேநீர் அறை மூலையில் ஒரு முழம் பட்டையைத் தவிர. அதை மறைக்க அங்கே ஒரு நிலவிளக்கை, அதுதான் குத்துவிளக்கை, ஏற்றி வைத்தோம். கோட்டு சார் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த சைட்டும் எனக்கே வந்தது.

கம்ப்ரஸரை வண்டியில் ஏற்றும்போது நோட்டைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து என் பெயருக்கு நேராக மட்டும் காலியாக இருந்தது.

“எழுதிருங்களேன் அண்ணாச்சி.”

“கட்டுக்குள்ள இருக்கிறதை எப்படி மேடம் எண்ண?”

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் மணி அடித்தது. என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் குழப்பமாக உள்ளே வந்தார். “யாரோ வந்திருக்கார். உன் விரலை எண்ணணும்ங்கறார்.”

வெளியே அண்ணாச்சி, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் நோட்டு. இடது கையை நீட்டினேன். முதலில் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். காயம் ஆறியிருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் மற்றக் கண்ணைத் திறந்தார். நிதானமாக எண்ணி, காலிக் கட்டங்களில் பத்து, பத்து என்று எழுதினார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நோட்டு முழுக்க எங்கள் பெயர்கள்தான். அவர் விரல்களை ஒருநாளும் யாரும் எண்ணியதில்லை.

“உங்க கையைக் காட்டுங்க.”

“எனக்கெதுக்கு மேடம்?”

“காட்டுங்கோன்னா காட்டுங்கோ.”

வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். பேனாவை அவரிடமிருந்து வாங்கி, என் பெயருக்குக் கீழே ‘அண்ணாச்சி – 10’ என்று எழுதினேன். காப்பிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது எந்த ஊரில் யார் விரலை எண்ணிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. எங்கிருந்தாலும் அவருக்குப் பத்தும் இருக்கட்டும்.