வைதேஹி கைகாத்த படலம்

வாழி! தலைநகரின் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பின் முதல் மாடியை ஆண்டவளும், ஒற்றை மண்ணெண்ணெய் ஸ்டவ்வின்மேல் ஒரே காலையில் இட்லியும் சட்னியும் சாம்பாரும் சமைத்து முடிக்கும் பேராற்றல் படைத்தவளும், பால்காரப் பையாவின் தண்ணீர்ப் பாலைக் கண்ணாலேயே அளந்து அவனைத் தலைகுனிய வைத்தவளுமாகிய வைதேஹி வாழி! அவள் வலக்கை வாழி! காலை எட்டு மணி வரை மட்டுமே அருள்பாலிக்கும் குழாய்த் தேவதையே, உன்னையும் தொழுது தொடங்குகிறோம். இன்றைக்கு மட்டும் முன்கூட்டியே நின்றுவிடாதே, தாயே.

எழுபத்தெட்டாம் ஆண்டுத் தைத் திங்களில், எதிர் பிளாக்கே தெரியாதபடி பனி மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அமைச்சகக் கோப்புகளைக் குறிப்பெழுதியே வீழ்த்தும் பேனாப்படைத் தலைவனும், மங்கி கேப் என்னும் மணிமுடி தரித்தவனும், வைதேஹியின் மணாளனுமாகிய செக்‌ஷன் ஆபீசர் கஸ்தூரிரங்கன், செய்தித்தாளைக் கேடயமென ஏந்திக் கூடத்தில் வீற்றிருந்து, "வைதேஹி, காபி. ஜல்தி" என்று முழங்கினான். அந்த முழக்கத்தின் அவசரத்தில் அவள் இட்லிப் பானையின் மூடியைத் தன் பக்கமாகத் திறந்துவிட்டாள். உள்ளே அடைபட்டு, குமுறி, நேரம் பார்த்திருந்த ஆவி அரக்கன் ஒரே பாய்ச்சலில் அவள் புறங்கைமேல் விழுந்தான். மூடி தரையில் உருண்டு போர்ப்பறை கொட்டியது. வைதேஹி "ஸ்" என்றாள், ஸ்டவ்வை அணைத்தாள், கை வீங்குமுன் வளையல்களைக் கழற்றினாள், குழாயைத் திறந்து கையை நீட்டினாள்.

இந்த வித்தை அவளுக்கு வந்த வரலாறு கேளீர். தீபாவளி கழிந்து தமிழ்ச் சங்கத்தில் ஒரு டாக்டரம்மா முதலுதவி பற்றிப் பேசினார். சுட்ட இடத்தில் எரிச்சல் அடங்கும்வரை குழாய்த் தண்ணீர் ஓடட்டும், மையோ மாவோ பற்பசையோ பூசக் கூடாது, கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது என்று அவர் சொன்னதைக் கேட்க அந்த பிளாக்கே திரண்டு போயிருந்தது. ஆனால் பேச்சின் நடுவே போண்டா வந்தது. அன்றைய போண்டாவில் மிளகு கூடவா குறைவா என்ற வாதம் பொங்கல் வரை நீடித்தது. டாக்டரம்மா சொன்னது வைதேஹி ஒருத்திக்குத்தான் நினைவிருந்தது.

முதலில் களம் புகுந்தவன் கணவன். பல்லாயிரம் கோப்புகளில் கையொப்பமாய்ப் பாய்ந்த நீல மைப் புட்டியைப் பாசுபதம்போல் உயர்த்தி, "கையை எடு. ஆபீஸ்ல யாருக்குச் சுட்டாலும் இங்க்தான். எங்க அண்டர் செக்ரெட்டரியே இங்க்தான் விட்டுண்டார்" என்று பிரகடனம் செய்து, மனைவியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தான். வைதேஹி இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

மூடி உருண்ட ஓசை மேல்மாடிக்கும் எட்டியிருந்தது. தடுப்பூசி நீங்கலாக அனைத்து மருத்துவத்தையும் கரைத்துக் குடித்த காமாக்ஷி மாமி, கிண்ணம் நிறையப் புளித்த இட்லி மாவுடன் படியிறங்கி வந்து, "சுட்ட இடத்துல ஜலம் பட்டா கொப்புளிச்சுடும்டி. மாவை அப்பு" என்று தீர்ப்பளித்தாள். இட்லியால் விளைந்த துயரை இட்லி மாவே துடைக்கும் என்ற இந்தத் தத்துவத்தின் ஆழம் கண்டு கஸ்தூரிரங்கனே ஒரு கணம் தடுமாறினான். அதற்குள் எதிர்வீட்டுச் சத்யா பெஹன்ஜி, வால் வரை சுருட்டிய பற்பசைக் குழலை வாளென உருவி, "அரே, டூத்பேஸ்ட் லகாவோ, அபி டண்டா ஹோ ஜாயேகா" என்று குளிர்ச்சிக்கு உத்தரவாதம் கூறி நுழைந்தாள். ஒரு புறங்கைக்கு மூன்று படைகள். மூன்றும் அவள் கையைத் தண்ணீரிலிருந்து இழுப்பதில் மட்டும் ஒற்றுமையாய் இருந்தன.

இழுக்கும்போதெல்லாம் எரிச்சல் தோள் வரை ஏறியது. எட்டு மணி நெருங்கியது. குழாய் இருமத் தொடங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த நாள் முதல் பிறர் சொற்படியே நடந்துவந்த வைதேஹி, அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"இது என் கை. எரியறது எனக்கு. தண்ணி நிக்கறவரைக்கும் நான் நகரமாட்டேன்."

மூவரும் திகைத்தனர். திகைத்தவர்கள், தோற்றது எவருடைய மருந்து என்ற வழக்கைத் தங்களுக்குள்ளேயே தொடங்கினர். மைக் கட்சியும் மாவுக் கட்சியும் பற்பசைக் கட்சியும் இந்தியிலும் தமிழிலும் இடிக்க, கஸ்தூரிரங்கனின் வீரமிகு முழங்கை மாமியின் கிண்ணத்தில் மோத, மைப் புட்டி மாவுக் கடலில் கவிழ்ந்து, அச்சமையலறை வரலாற்றிலேயே முதன்முறையாக நீல இட்லிக்கான மாவு பிறந்தது. மாமி அலறினாள். இத்தனை அமளியிலும் வைதேஹியின் கை தண்ணீருக்கடியிலேயே இருந்தது. எரிச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. குழாய் கடைசியாக ஒருமுறை செருமி நின்றபோது, சிவப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது, கொப்புளம் இல்லை. துவைத்த வேட்டித் துணியைக் கிழித்து, இறுக்காமல் சுற்றிக்கொண்டாள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

வெற்றி முரசு கூடத்தில் ஒலித்தது. தக்க நேரத்தில் தான் ஓடிவந்ததால்தான் கை பிழைத்தது என்றான் மைவேந்தன். மாவின் வாசனை பட்டாலே பாதி எரிச்சல் போய்விடும் என்றாள் மாமி. பற்பசைக் குழலின் மூடியைத் திருகியபடி பெஹன்ஜி "அச்சா, அச்சா" என்று இருவரையும் ஆமோதித்தாள். முப்பெரும் மருத்துவரும் பகை மறந்து, சோபாவில் நெருங்கி அமர்ந்து, ஒருவர் பெருமையை ஒருவர் வியந்து, போர்க்களைப்புத் தீர உள்ளே பார்த்தார்கள்.

வைதேஹி இடது கையால் எல்லோருக்கும் காபி போட்டாள்.