லாரி வாசலில் நிற்கிறது, மாப்பிள்ளை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மண் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசல் மேற்பார்வையாளரும், அதற்கும் மேலாக உங்களுக்குப் பெண் கொடுத்தவனுமாகிய மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே தாங்களும் தங்கள் விதித் திருத்தக் கூட்டமும் சௌக்கியமாக இருக்கும் என நம்புகிறேன். போனை அணைத்து வைத்திருக்கிறீர்கள். "கூட்டத்துல உட்கார்ந்துட்டா வீடு தீப்பிடிச்சாலும் எடுக்க மாட்டாருப்பா" என்று உங்கள் மனைவியே சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம். கொண்டுவரும் ஆள் பைக்கை அணைக்காமல் நிற்பார். பதிலை அவரிடமே கொடுத்தனுப்பவும். வானம் இருக்கிற இருப்புக்கு விரிவான பதில் வேண்டாம்.

விஷயம் இதுதான். பக்கத்து நாட்டில் பூச்சிமருந்துக் கிடங்கு இருந்த இடத்து மண், அதைச் சுட்டுச் சுத்தம் செய்ய அங்கே சூளை இல்லாததால், நம் சூளைக்கு வந்திருக்கிறது. லாரி நிறைய விஷம். மூக்கு நம் இரும்புக் கதவைத் தொட்டுக்கொண்டும் வால் ரோட்டில் நீண்டும் காலையிலிருந்து அப்படியே நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் நீங்கள் எழுதிய விதிகள். கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் சாப்பாட்டு மேசையில் அவற்றை நீங்கள் வாசித்து முடித்தபோது முதலில் கைதட்டியவன் நான்தான். அப்போது எனக்குப் பசி.

உங்கள் விதிப்படி, அயல்நாட்டு மண்ணை உள்ளே விடுவதற்கு முன் வாசலிலேயே மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். அதே விதிப்படி, உள்ளே வந்து சேரும்வரை தார்ப்பாய் முடிச்சில் எல்லையில் வைத்த முத்திரை உடையக் கூடாது. பூட்டைத் திறக்காமல் பெட்டியிலிருந்து சட்டையை எடு என்கிற மாதிரி. நானும் ஆய்வுக்கூடத்து மேடமும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் மேடம் முகமெல்லாம் மலர, "சார், முத்திரையத்தானே தொடக் கூடாது? தார்ப்பாயத் தொடக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே!" என்றார். அடடா, என்ன மூளை என்று நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேடம் ஏறித் தார்ப்பாயின் நடுவில் ஒரு கிழி கிழித்து, கரண்டியால் மண்ணை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். காகிதத்தில் சொன்ன அதே விஷம்தான் என்று மண் சோதனையில் தேறிவிட்டது. முத்திரையும் ஜம்மென்று இருந்தது. நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம். அப்போதுதான் டிரைவர் மெதுவாகக் கேட்டார்: "கிழிஞ்ச தார்ப்பாயோட வண்டிய உள்ள விடலாமா சார்?"

விடக் கூடாது. ஆறாவது விதி. மூடி கிழிந்த வண்டிக்கு உங்கள் அலுவலகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். சரி, புதுத் தார்ப்பாயை மேலே போர்த்தலாம் என்றால் முத்திரை எந்நேரமும் கண்ணில் பட வேண்டுமாம். போர்த்தினோம், மறைந்தது, எடுத்துவிட்டோம். கிழிசலில் மட்டும் டேப் ஒட்டினோம். தூசியில் பிடிக்காமல் காற்றில் பறந்து டிரைவர் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. அதே காற்று உள்ளே புகுந்து, என் கை நீளம் இருந்த கிழிசல் இப்போது என் நீளம் இருக்கிறது. திருப்பி அனுப்பலாம் என்றால் எல்லை தாண்டிய மண் திரும்பப் போகக் கூடாது. ரோட்டில் நிறுத்தலாம் என்றால் அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். "அப்ப நான் என்னதான் சார் பண்றது? வண்டியத் தலையில வெச்சுக்கிட்டு நிக்கட்டுமா?" என்று டிரைவர் கத்துகிறார். அதற்கு மட்டும்தான் விதி இல்லை.

நான் வேடிக்கையாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கிழிசலில் இறங்கி மண்ணைக் கரைத்துக்கொண்டு நம் வாசலில் வழிகிற மழை எங்கே போகும்? சாக்கடை வழியாகச் சரிவில் இறங்கி, முதல் திருப்பத்திலேயே உங்கள் வீட்டு வாசற்படியைத் தொட்டுக்கொண்டு போகும். ஆபீசுக்குப் பக்கம் என்று நீங்களாகப் பார்த்துப் பிடித்த வீடு. மழை வந்தால் உங்கள் குட்டிப்பயல் அந்தப் படியில் உட்கார்ந்து காகிதக் கப்பல் விடுவான்; விட்ட கையை அப்படியே வாயில் வைப்பான். மகளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "எங்க வீட்டுக் கதவச் சாத்திடுறேம்பா. தெருவுல எத்தனை வீட்டுக் கதவ நான் போய்ச் சாத்த முடியும்?" என்று கேட்டாள். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு குட்டிப்பயல் இருக்கிறான். பயமாக இருக்கிறது.

இத்தனை வருட வேலையில், எழுத்தில் உத்தரவு இல்லாமல் இந்தக் கதவை நான் விரல்கடை அளவுகூடத் திறந்ததில்லை. இனியும் திறக்க மாட்டேன். மாமனாரே விதியை மீறினார் என்று நாளைக்கு நாலு பேர் உங்களைக் கேலி பேச நான் இடம் கொடுக்க மாட்டேன். ஆகையால் 'உள்ளே விடவும்' என்று இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். காபி வரட்டும், குடிச்சிட்டுப் போடலாம்னு மட்டும் இருந்துடாதீங்க மாப்பிள்ளை, காத்துல ஈரம் வந்துடுச்சு, மேடம் வேற வானத்தப் பாத்துப் பாத்துக் கண்ணத் துடைச்சுக்கிறாங்க, டிரைவர் வண்டியச் சுத்திச் சுத்தி வர்றாரு, சீக்கிரம், சீக்கிரம்.

கூட்டத்திலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். தாங்கள் பதவி உயர்வும் தேக சுகமும் பெற்று, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் விதிக்குக் கட்டுப்பட்ட
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முதல் துளி விழுந்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டேன். வண்டி இப்போது கொட்டகைக்குள், கூரைக்கடியில் நிற்கிறது. ஒரு பொட்டு மண்கூட வெளியே போகவில்லை. மேலே கதவைப் பற்றி எழுதியதை நீங்களே அடித்துக்கொள்ளவும், எனக்கு நேரமில்லை. அனுமதியில்லாமல் அயல் மண்ணை உள்ளே விட்டவனை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் நீங்கள்தானாம்; மேடம் விதியைப் பார்த்துச் சொன்னார். தயங்காமல் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சாப்பிட வந்துவிடுங்கள். முத்திரை உடையவே இல்லை என்பதை உத்தரவில் ஓர் ஓரமாகக் குறிப்பிட்டால் நல்லது. இங்கே மழை கொட்டுகிறது. மகள் இப்போதுதான் கூப்பிட்டாள். குட்டிப்பயல் கையில் கப்பலோடு கதவுக்குப் பின்னால் நின்று அழுகிறானாம். திறந்து விடச் சொல்லிவிட்டேன்.