பேப்பரில் வராத புழுக்கை

எது நியாயம், எது அநியாயம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடாமல் போனதற்கு ஒரே காரணம், நான் கல்லூரியில் அறவியல் படித்ததுதான். அதற்கு முன்னால் ஓரளவு தெரிந்துதான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் இடைசெவலுக்குப் பக்கம். (பஸ் நின்றால் ஊர். நிற்காவிட்டால் வெறும் கரிசல்காடு.) அறவியல் எடுக்க மெட்ராஸிலிருந்து வைத்தியநாதன் சார் புதிதாக வந்திருந்தார். முதல் வாரமே எங்கள் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"புத்தகத்தில் இருப்பதை எனக்கே திருப்பித் தராதீர்கள். உங்கள் ஊரில் நடக்கிற ஓர் அறச்சிக்கலை எடுங்கள். இரண்டு தரப்பையும் விசாரியுங்கள். எது சரி என்று முடிவு சொல்லி ஒரு பேப்பர் எழுதுங்கள். எழுதாதவர்கள் பரீட்சைக்கு வர வேண்டாம்."

மற்ற பையன்கள் அறச்சிக்கலுக்கு எங்கே போவது என்று முழித்தார்கள். எனக்கோ வீட்டிலேயே ஒன்று தயாராக இருந்தது. மிதப்போடு பஸ் ஏறினேன்.

விஷயம் இதுதான். அறுவடை முடிந்து காடு சும்மா கிடக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் ஆட்டுக்கிடை போடுவார்கள். மந்தையை ராத்திரி முழுக்கக் காட்டில் படுக்க வைத்தால், விழுகிற புழுக்கைதான் அடுத்த விதைப்புக்கு உரம். மந்தைக்காரரான கீதாரியிடம் அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்து, அவருக்கு எங்கள் வீட்டிலிருந்தே கஞ்சியும் அனுப்பிக்கொண்டிருந்தார். 'உடைமரத்துக்குத் தெக்க' என்பது அப்பா சொன்ன அடையாளம். அங்கே உடைமரம் இரண்டு இருந்தது. ஆடுகள் ஒரு வாரம் சுகமாகப் படுத்து எழுந்தது பக்கத்துக் காட்டில்.

அது கொம்பையா மாமாவின் காடு. அந்த மாமாவின் மகனுக்குத்தான் என் அக்கா தங்கத்தைப் பேசி, ஆவணியில் கல்யாணம் என்று நாளும் குறித்திருந்தார்கள்.

"கஞ்சி எங் கஞ்சி, புழுக்கை மட்டும் அவனுக்கா?" என்பார் அப்பா.

"நான் என்ன ஆட்டைக் கையைப் பிடிச்சா கூப்பிட்டேன்? அதுகளா வந்து படுத்துச்சு" என்பார் மாமா.

இந்தச் சண்டையை இரண்டு பேரும் ரசித்துத்தான் போட்டார்கள். காலையில் வைவார்கள். சாயங்காலம் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். கல்யாணப் பேச்சுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. குறை நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்ததும் வந்தது.

"என்னலே எழுதுதெ?" என்றார் அப்பா.

"பேப்பர் எழுதுதேம்ப்பா. எத்திக்ஸுக்கு."

"எத்திப் பொழைக்கதுக்கு எதுக்குலே காலேசு?"

"அதில்லப்பா, நியாயத்தைப் பத்தி. நம்ம கிடை வெவகாரத்தத்தான் பேப்பர்ல எழுதுதேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் பேப்பர் என்றால் ஒன்றே ஒன்றுதான், காலை பஸ்ஸில் டீக்கடைக்கு வந்து இறங்கும் தினசரி. எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, ஊரே கேட்கும். அதில் வந்துவிட்டால் வந்ததுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் அறவியல் படிக்கிறவன் அல்லவா, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அப்பா உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"எழுதிக்கோ. பக்கத்துக் காட்டுல விழுந்தா என்ன, எல்லாம் ஒரே மண்ணுதான். நான் அவன்ட்ட ஒண்ணும் கேக்கல."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

இரண்டாம் தரப்பை விசாரிக்கப் போனேன். அதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாமா குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். அத்தை பணியாரமும் கருப்பட்டிக் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

"வெளையுறதுல பாதிய ஒங்கப்பனுக்குக் குடுத்துருதேன், எழுதிக்கோ. எம் பேரை இனிஷியலோட போடு. ஆமா, போட்டா எடுக்க எப்பம் வருவாவ?"

"கல்யாணத்தன்னைக்குத்தான் மாமா" என்றேன், வாயில் பணியாரத்தோடு.

"ஏ யப்பா, அம்புட்டு நாளா ஆகும்?" என்றார் மாமா. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குக் கல்யாணத்தில் என்ன அவசரம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மாமா சொன்னதை அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், மனிதர் குதித்தார்.

"அவன் குடுத்து நான் வாங்குனேன்னு பேப்பர்ல வந்தா நாளைக்கு எவன் என்னய மதிப்பான்? ஒரு சுளை பருத்திகூட வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன்னு எழுது."

அதைக் கேட்டு மாமா குதித்தார். "நான் குடுக்கத வாங்கமாட்டானா? அப்பம் அவன் குடுக்க பொண்ணை மட்டும் நான் எதுக்கு வாங்கணும்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புழுக்கை எனக்கு எனக்கு என்று அடித்துக்கொண்டபோது சம்பந்திகளாக இருந்தார்கள். உனக்கு உனக்கு என்றதும் ஜென்ம விரோதிகளாகிவிட்டார்கள். டீக்கடையில் ஆளுக்கொரு பெஞ்சு. முகூர்த்தப் பட்டு எடுக்கக் கோவில்பட்டி போவதாக இருந்ததை மாமா வீட்டில் நிறுத்தினார்கள். அக்கா அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்து என் முன்னால் நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது, புகையால் அல்ல.

"என்னத்தலே எழுதித் தொலைச்செ? எங் கல்யாணம் நின்னுச்சு, ஒன்னயப் பிடிச்சு கிடைக்குள்ள கட்டிப் போட்டுருவேன்."

எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். இரண்டு பேரும் வேண்டாம் என்கிற பொருளுக்கு யாருக்கு உரிமை என்று எப்படி முடிவு எழுதுவது என்ற பயம் இன்னொரு பக்கம். எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில், 'ஆகவே, புழுக்கை ஆடுகளுக்கே உரியது' என்று முடித்துக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஊர் தினசரிக்காகக் காத்திருந்தது. பஸ் வரும், பேப்பர் வரும், புழுக்கை வராது. கொம்பையா ஆள் வைத்துத் தடுத்துவிட்டார் என்றார் அப்பா. என் அப்பாதான் தடுத்துவிட்டார் என்றார் மாமா. இரண்டு பேரும் நேரில் கேட்டுவிடுவது என்று தனித்தனியாக முடிவு செய்து, ஒரே பஸ்ஸில் ஏறி, பேசிக்கொள்ளாமல் கல்லூரிக்கு வந்து இறங்கினார்கள்.

வைத்தியநாதன் சார் அப்போது, பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்வது பற்றி நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு வெள்ளை வேட்டிகள் தெரிந்தன.

"ஐயா, பேப்பர் சாரு நீங்கதான?" என்றார் அப்பா.

பரீட்சைப் பேப்பரும் திருத்துகிற மனிதர், ஆமாம் என்றார்.

"எங்க சேதிய ஏன் இன்னும் போடல?"

"எந்தச் செய்தி?"

"புழுக்கைச் சேதி" என்றார் மாமா, துண்டைத் தோளில் சரிசெய்தபடி.

வகுப்பு வெடித்தது. நான் கீழே விழாத பேனாவைத் தேடி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். மேலே சார் பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து என்னுடையதை உருவுகிற சத்தம் கேட்டது.

"இது மாணவன் மார்க்குக்காக எழுதுகிற பேப்பர். எங்கேயும் அச்சாகாது. நான் மட்டும்தான் படிப்பேன்."

"வேற ஒருத்தரும் படிக்க மாட்டாவளா?"

"மாட்டார்கள். எனக்கே பாதி புரியவில்லை. கிடை என்றால் கிடைமட்டமா?"

பெஞ்சுக்கு அடியிலிருந்து பார்த்தேன். அப்பாவும் மாமாவும் வெகு நாளைக்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையிலிருந்து சுமையை இறக்கி வைத்த முகங்கள்.

சாருக்கு ஆர்வம் வந்துவிட்டது. "வந்ததுதான் வந்தீர்கள், நீங்களே சொல்லுங்கள். அந்த உரம் நியாயப்படி யாருக்குச் சேர வேண்டும்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"பேப்பர்ல வரும்னா அவனுக்கு. வராதுன்னா எனக்கு."

"எனக்கும் அப்படித்தான்யா" என்றார் மாமா.

பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, அப்பா சொன்னதை அப்படியே எழுதிப் போட்டார். எனக்குப் பாஸ் மார்க் போட்டுவிட்டு, அது என் அப்பாவுக்காகப் போட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஊர் வரும்வரை புழுக்கைக்காக ஒருவரையொருவர் வைதுகொண்டே வந்தார்கள். எனக்குக் கேட்கக் கேட்க நிம்மதியாக இருந்தது. மாமா ஒன்றும் கொடுக்கவில்லை. அப்பாவும் கேட்பதை விடவில்லை. ஆவணியில் கல்யாணம் சிறப்பாக நடந்தது.

மறுவீட்டுக்கு வந்திருந்தபோது அக்கா என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"ரெண்டு தரப்பையும் விசாரிச்சியே. நாளைக்கு அந்தக் காட்டுல பருத்தி எடுக்கப் போறவ நான். என்னய ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை, அறவியல் படித்த நானும் கேட்கவில்லை. கூச்சத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அந்த வெள்ளாமையில் மாமா காட்டில் பருத்தி வெடித்துக் கொட்டியது. ஒரு நாள் அக்கா தலையில் ஒரு மூட்டையோடு எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக வந்தாள். மாமனாருக்குத் தெரியாது என்றாள். அப்பா மூட்டையைப் பார்த்தார், தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, இது பேப்பர்ல வராதுல்லா?"

வராது என்றேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளாமைக்கும் ஒரு மூட்டை கொல்லை வழியாக வந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் நிற்கவில்லை, எனக்கு வருகிறது. இப்போது பருத்திக்குப் பதில் உளுந்தோ கம்போ, எது விளைந்ததோ அது. எங்கள் வீட்டில் யார் யாருக்கு எதை ஒளித்துக் கொடுத்தாலும், கொடுக்கிறவரோ வாங்குகிறவரோ கேட்பது, 'பேப்பர்ல வராதுல்லா?' என்ற அதே கேள்வியைத்தான். போன மாதம் அக்கா உளுந்து மூட்டையை இறக்கி வைத்தபோது, மூச்சு வாங்க என்னிடம் சொன்னாள்.

"அத்தானுக்குத் தெரியாது. நீ பாட்டுக்குப் பேப்பர்ல எழுதித் தொலைச்சிராத, என்ன?"

சரி என்றுதான் சொன்னேன்.