செனட்டர் நிறுத்தினால் நானும் நிறுத்துகிறேன்

உலகத்திலேயே 'ரிடையர்மென்ட்' என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் கார்பூல் அங்கிள்தான். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "வீட்ல பொம்பளைங்க இருக்காங்க, பார்த்துப் பேசுங்க" என்பார். அந்த வீட்டில் அதை அதிகம் சொன்னதே அவர் மனைவிதான் என்பது வேறு விஷயம்.

இது நடந்தது தொண்ணூறுகளின் கடைசியில், டெக்ஸாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்துச் சுகர் லேண்டில். ஹெச்-1 விசாவில் போய் இறங்கிய எனக்கு லைசென்ஸும் இல்லை, காரும் இல்லை. மூன்று தெரு தள்ளி இருந்த அங்கிள்தான் தினமும் ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வயது அறுபத்தேழு. ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருஷமாக இன்ஜினியர். என் ஆபீஸ் அங்கிருந்து இரண்டு கட்டடம் தள்ளி. இரண்டே மாதத்தில் நான் லைசென்ஸ் எடுத்தேன், கார் வாங்கினேன். தப்பித்தோம் என்று நினைத்த அன்று ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அவருக்குச் சர்க்கரை கண்ணுக்குப் போயிருச்சு. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்கறாரு. நீ பக்கத்துல உக்காந்தீன்னா ஒரு ஜோடிக் கண்ணாவது ரோட்டைப் பாக்கும்."

அப்படித்தான் சொந்தக் கார் வீட்டில் நிற்க, நான் அடுத்தவர் காரில் கண்ணாக உத்தியோகம் பார்த்தேன். "நான் ஓட்டட்டுமா அங்கிள்?" என்று கேட்டால், "ஏனுங்க தம்பி, என்ற கைக்கு என்ன வந்துச்சு?" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையையும்.

அங்கே ஃப்ரீவே நடுவில் கார்பூல் லேன் என்று ஒன்று, இரு பக்கமும் சுவர் வைத்துப் போகும். காரில் இரண்டு பேர் இருந்தால்தான் அனுமதி. ஒற்றை லேன், யாரும் யாரையும் முந்த முடியாது. அதில் அங்கிள் நாற்பது மைல் வேகத்தில் போவார். ஹூஸ்டனின் தென்மேற்குப் பகுதி முழுவதும் ஆபீஸுக்கு லேட்டாகப் போனதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"பின்னாடி ஹார்ன் அடிக்கிறாங்க அங்கிள்."

"தெரிஞ்சவங்களா இருக்கும். கையைக் காட்டுங்க."

காட்டினேன். அவர்கள் திருப்பிக் காட்டியதை எழுத முடியாது.

இந்த ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரே பேச்சு, செனட்டர். எங்கள் தொகுதியின் மாநில செனட்டர், பெயர் வேண்டாம். எழுபத்தெட்டு வயது. எத்தனையோ தேர்தல் பார்த்தவர். இந்தத் தடவையும் நிற்பாரா, ஓய்வு பெறுவாரா என்று ஊரே பேசியது. சபையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று ஒரு கட்சி, அனுபவம் வேண்டாமா என்று இன்னொரு கட்சி. அங்கிள் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. பல வருஷம் முன்பு, எங்கள் குடியிருப்பு வாசலில் சிக்னல் வேண்டும் என்று இவர் எழுதிய கடிதத்துக்கு செனட்டர் பதில் போட்டிருந்தார். சிக்னலும் வந்தது. 'டியர் ஃப்ரெண்ட்' என்று தொடங்கும் அந்தக் கடிதம் சாமி அறையில் முருகனுக்குப் பக்கத்தில் ஃப்ரேமுக்குள் இருந்தது. தினமும் அதற்கும் ஒரு பூ.

"எழுவத்தெட்டு வயசுல அந்த மனுசனுக்கு எதுக்குத் தேர்தலு? அவரு பொண்டாட்டிக்கு வாய் இல்லையா?" என்று ஒரு நாள் ஆன்ட்டி வெடித்தார்.

"என்னைவிடப் பதினோரு வயசு பெரியவரு. அவரே வேலை பாக்கறாரு. அவரு நிறுத்தற அன்னிக்கு நானும் நிறுத்தறேன். வேலையும் சரி, வண்டியும் சரி. போதுமா?"

ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கண்ணு, நீ சாட்சி." அன்று முதல் டெக்ஸாஸில் ஒரு செனட்டர் ஓய்வு பெற வேண்டும் என்று கந்த சஷ்டி விரதம் இருந்த ஒரே பெண்மணி அவர்தான்.

வாக்குக் கொடுத்துவிட்ட அங்கிளுக்கு இப்போது செனட்டர் நின்றே ஆக வேண்டும். 'தாங்கள் மீண்டும் நிற்க வேண்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு மனு டைப் பண்ணி, பேர்லேண்ட் மீனாட்சி கோயில் சாப்பாட்டு வரிசையில் ஞாயிற்றுக்கிழமை நின்றார். பசியோடு தட்டு ஏந்தி நிற்கும் தமிழன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். நூற்றுப் பதினான்கு பேர் போட்டார்கள். முதல் ஆள் அதை அர்ச்சனைச் சீட்டு என்று நினைத்துப் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தையும் எழுதிவிட்டார். அவரைப் பார்த்து அத்தனை பேரும் எழுதினார்கள். சிலர் கோத்திரத்தோடு.

அதில் ஒரு நகலைத் தபாலில் அனுப்பிய ஒரு வாரத்தில் செனட்டர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். ஆன்ட்டிதான் எடுத்தார். ரோகிணி, சுவாதி எல்லாம் எந்த ஊர் என்று கேட்டாளாம். அப்புறம், இதில் ஓட்டுரிமை உள்ளவர்கள் எத்தனை பேர் என்றாளாம். மனுவில் கையெழுத்துப் போட்ட எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு கிரீன் கார்டே கிடையாது.

"எங்க வீட்ல டூ. ஒன் ஃபார், ஒன் அகெய்ன்ஸ்ட். மத்தவங்கல்லாம் சாப்பிட வந்தவங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றது அதற்கு அடுத்த வாரம். வேலை நடக்கும் ரோட்டில் வரிசையாக நின்ற ஆரஞ்சு டிரம்களில் இரண்டைத் தட்டிவிட்டு அங்கிள் போய்க்கொண்டே இருந்தார். நான் கத்திவிட்டேன். அவர் கோபமாக, "ஆளு ஓரமா நிக்க வேண்டாங்களா?" என்றார். டிரம்மை ஆள் என்று நினைத்திருக்கிறார். ஆள் என்று நினைத்தும் நிறுத்தவில்லை. ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஊர் நூலகத்தில் செனட்டர் மக்களைச் சந்தித்தார். முடிவை அங்கேதான் சொல்லப்போகிறார் என்று பேச்சு. மூவரும் போனோம். அங்கிள் கோட்டு சூட்டில், கையில் மனுவோடு. ஆன்ட்டி இரண்டாம் வரிசையில் உதடு அசைய ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் மேடைக்குப் போய் மனுவைக் கொடுத்தார். கிழவர் வாங்கி, முகத்துக்கு அருகில் பிடித்து, முழுதும் படிப்பதுபோல் பார்த்து, "இவர்களில் பல பேரை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சபைக்குச் சொன்னார். தாள் தலைகீழாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கிள் சிரிக்கவில்லை. யாரும் பார்க்காதபடி அந்தத் தாளை அவர் கையிலேயே மெதுவாகத் திருப்பி வைத்தார். செனட்டருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "நான் எங்கேயும் போகவில்லை, மறுபடி நிற்கிறேன்!" என்று அறிவித்தார். ஹால் முழுவதும் எழுந்து கைதட்டியது.

"போச்சு கண்ணு. இனி நான் வாயே திறக்க முடியாது" என்றார் ஆன்ட்டி.

கார் நிறுத்திய இடத்துக்கு வந்தோம். ஜெயித்த மனிதர் டிரைவர் பக்கக் கதவைத் திறக்காமல் நின்றார். பையில் கை விட்டுச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க தம்பி."

"ஏன் அங்கிள்? அவர்தான் நிக்கிறாரே!"

"அவருக்குக் கண்ணு தெரியலீங்க. சுத்தி அத்தன பேரு கைதட்டறாங்க, ஒருத்தராவது சொன்னாங்களா? எனக்கு இவ தினமும் சொல்லிட்டே இருக்கா." பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இதைச் சொல்றதுக்கு இவருக்கு ஒரு செனட்டர் வேணுமாக்கும்!" என்று திட்டிக்கொண்டே ஆன்ட்டி அழுதார்.

செனட்டர் ஜெயித்தார். அங்கிள் வண்டியை மட்டும்தான் விட்டார், வேலையை விடவில்லை. ஒன்றரை வருஷம் நான் ஓட்டினேன். ஐம்பதைத் தாண்டினால் "எங்க தம்பி தீப்பிடிச்சுருக்கு?" என்பார். பிரேக் போட்டால் லேட் என்பார், போடாவிட்டால் "ஐயோ" என்பார். என் பொறுமைக்கு அந்த மாநிலமே ஒரு விருது கொடுத்திருக்கலாம். அப்புறம் ஒரு நாள் அவராகவே ரிடையர் ஆனார்.

ஒன்று மட்டும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. நான் ஓட்ட ஆரம்பித்த இரண்டாம் மாதமே என் ஆபீஸ் சுகர் லேண்டுக்கே மாறிவிட்டது, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துக்கு.