தாகம் எடுத்த ரயில் பெட்டி

ஒரு தடவை விபத்தில் அடிபட்ட ரயில் பெட்டி ரத்த ருசி கண்டுவிடுமாம். பட்டறையில் நிமிர்த்தி, ஒட்டி, புதுப் பெயின்ட் அடித்து அனுப்பினாலும் தாகம் அடங்காதாம். மறுபடியும் ஆள் கேட்குமாம். சொன்னவர் ஆணிச்சாமி. நம்பியவர்களா? கண்ணுங்களா, நடைமேடை கொள்ளவில்லை!

கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தடவுவார் சாமி. திடீரென்று உடம்பு உதறும். "பாலத்திலேருந்து விழுந்திருக்கு!" என்பார். இன்னொன்றைத் தொட்டு, "லாரி மோதியிருக்கு!" என்பார். விசாரித்தால், எதிலோ அடிபட்டுப் பட்டறைக்குப் போய் வந்த பெட்டியாகவே இருக்கும். எதில் என்று யார் மெனக்கெட்டுக் கேட்டார்கள்? கவிழ்ந்த ரயிலில் பிடுங்கியது என்று அவர் விற்ற ஆணியை வாங்கித் தாயத்தாகக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். குனிந்தால் குத்தும். ரயிலில் தப்பினாலும் ஆணியில் தப்ப முடியாது!

அன்றைக்கு ஒரு பெண், நர்ஸ் வேலையில் சேரப் புறப்பட்டு அம்மாவோடு வந்தாள். மறுநாள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவளுக்கு. அவள் ஏற வேண்டிய பெட்டியைச் சாமி தடவினார். உதறினார்.

"பயங்கர தாகம்! சின்ன ஆணி தாங்காது. பெரிய ஆணி அடுத்த வாரம்தான் வரும்."

அம்மா சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, வண்டி கிளம்பிடும்!"

"கிளம்பட்டும். வேலை போனா வேற வேலை. நீ போனா எனக்கு யாருடி இருக்கா?"

பெற்ற வயிறு பயந்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் பயத்தை வைத்துக் கடை போட்ட ஆளைப் பார்த்துத்தான் சிரிக்கணும்.

பெண் அலுத்துப்போய்ப் பெட்டியில் சாய்ந்தாள். "அச்ச்!"

"பாத்தியா, அபசகுனம்!" என்றாள் அம்மா.

பெண் யோசித்தாள். பெயின்ட் வாடை பட்டால் அவளுக்குத் தும்மல் வரும். பட்டறையிலிருந்து வந்த பெட்டியில் பெயின்ட் வாடை அடிக்காமல் என்ன செய்யும்? சாமி கட்டியிருந்தது கண்ணைத்தானே! பையைத் துழாவி, துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்தாள்.

"சாமி, இதை மூக்கிலே மாட்டிக்கிட்டு ஒரு பெட்டியைப் பாத்துச் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா நான் வீட்டுக்கே போயிடறேன்."

"மூக்கு வழியாத்தாம்மா அருள் இறங்கும்!"

"நேத்துக் கை வழியான்னீங்களே?" என்றார் பக்கத்தில் நின்ற போர்ட்டர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமியால் நழுவ முடியவில்லை. மாட்டிக்கொண்டார்.

போர்ட்டர் கண்கட்டை அவிழ்க்காமலே அவர் கையைப் பிடித்து நடைமேடைக் கோடிக்கு நடத்திப் போனார். அம்மாவும் சூட்கேஸை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். போன மாதம் தடம் புரண்ட பெட்டி ஒன்று, பட்டறைக்குப் போகாமல் அங்கே கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கி, ஜன்னலெல்லாம் பிளந்திருந்தது. பெண் உதட்டில் விரல் வைத்தாள். மொத்தக் கூட்டமும் வாயைப் பொத்திக்கொண்டது.

சாமி படியைத் தடவினார். வாடை வரவில்லை. உடம்பும் உதறவில்லை.

"சுத்தமான பெட்டி!" என்றார் மூக்கடைத்த குரலில். "ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. குழந்தை குட்டியோட ஏறலாம். நானே ஏறிக் காட்டறேன்!"

ஏறினார். உள்ளே தரை இருந்தால்தானே! மேலே மறைந்த சாமி, கீழே சரளைக்கல்லில் உட்கார்ந்தபடி காட்சி தந்தார். கிளிப் மட்டும் மூக்கைவிட்டு அசையவில்லை.

"சாமி, பெட்டிக்குத் தாகம் தீந்துதா?" என்று ஒரு குரல். கழுத்து ஆணிகளெல்லாம் அவர் மடியிலேயே வந்து விழுந்தன.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ ரயில் ஏன்டி கவிழுது?"

"தண்டவாளத்திலே விரிசல் விட்டா கவிழும்மா. சிக்னல் தப்பானா கவிழும். ஓட்டுறவரைத் தூங்கவிடாம ஓட்டச் சொன்னா கவிழும். இத்தனை வருஷமும் அப்படித்தான் கவிழ்ந்திருக்கு. அதுக்குப் பொறுப்பானவங்களைப் போய்க் கேளு. பெட்டி என்ன பண்ணும்?"

அம்மா சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு மகளுக்கு முன்னால் ஓடினாள். "வாடி சீக்கிரம், வண்டி போயிடப் போவுது!"

வண்டி போய்ச் சேர்ந்தது. அவளும் வேலையில் சேர்ந்தாள். கண்ணுங்களா, பயம் காட்டி ஒருத்தன் கை நீட்டினால் காசுக்கு மடியைத் தடவாதீர்கள். தலையைத் தடவிப் பாருங்கள். உள்ளே ஒன்று சும்மாவே கிடக்கிறது.